அந்தத் திருமேனி எந்த ஊரில் நின்றது?

நீங்கள் கேட்டிருப்பது இது. இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர் ஏலக்கூடத்தில், ஆயிரத்துச் சொச்சம் பவுண்டுக்கு ஒரு வெண்கல உருவத்தை வாங்கியிருக்கிறீர்கள். உயரம் 42 சென்டிமீட்டர். நின்ற கோலம், கூப்பிய கைகள், உயர்த்திக் கட்டிய சடை, தாமரைப் பீடம். பீடத்தின் இரு பக்கமும் கெட்டியான வளையங்கள். ஏலப் பட்டியலில் ‘தென்னிந்திய அடியார் உருவம், 17-ஆம் நூற்றாண்டு, தனியார் சேகரிப்பு’ என்று ஒரே வரி. அடியில் பாதி கிழிந்த ஒட்டுச்சீட்டும், நீலப் பென்சிலில் எழுதிய ஓர் எண்ணும் இருக்கின்றன. ‘இது சோழர் காலத்ததா? இதன் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். வயதைக் கேட்டால் மதிப்பீட்டாளர்கள் ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்வார்கள். அதனால் விலை ஏறும், இறங்கும், அவ்வளவுதான். ஊரைக் கேட்டால் ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும். அந்த விடையைத் தேடும் வழியிலேயே வயதும் தெரிந்துவிடும். நீங்கள் வாங்கியதை ‘பழம்பொருள்’ என்கிறீர்கள். அதன் பீடத்தில் உள்ள வளையங்கள் வேறு சொல்கின்றன. அவை கம்பைச் செருகி, சப்பரத்திலும் வாகனத்திலும் ஏற்றிக் கட்டுவதற்காக வைக்கப்பட்டவை. வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைக்க வார்த்த உருவத்துக்கு அவை தேவையில்லை. உங்கள் மேசைமேல் நிற்பவர் ஏதோ ஒரு கோயிலின் உற்சவர். திருவிழா நாளில் வீதியுலா போனவர். அவருக்கு ஓர் ஊர் உண்டு.

முதலில் ஒரு வேண்டுகோள். அதைத் துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பதுகூட வேண்டாம். மடிப்புகளில் காய்ந்து போன சந்தனமோ, எண்ணெய்ப் பிசுக்கோ, ஒட்டிய மண்ணோ இருந்தால் அதுதான் நமக்குக் கிடைக்கக்கூடிய முதல் சாட்சி. நான் பார்த்த ஓர் அம்மன் திருமேனியில், இடுப்பு மேகலைக்குப் பின்புறம், விரல் நுழையாத இடுக்கில், கல்போல் இறுகிய சந்தனக் காப்பு ஒரு நெல்மணி அளவு எஞ்சியிருந்தது. முன்பக்கம் முழுவதையும் யாரோ பளபளவென்று தேய்த்திருந்தார்கள். அந்த ஒரு நெல்மணிதான், அது வழிபாட்டில் இருந்த திருமேனி என்பதை எங்களுக்கு முதலில் சொன்னது.

அடுத்து, இவர் யார் என்று பார்ப்போம். பட்டியலில் ‘அடியார்’ என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். நம் மரபில் அடியார்களைப் பிரித்தறிவது கடினமில்லை. கையில் உழவாரம் இருந்தால் அப்பர். ஏடு இருந்தால் மாணிக்கவாசகர். குழந்தையாக, பால்கிண்ணத்தோடு விரல் சுட்டினால் சம்பந்தர். வாளும் கேடயமும் ஏந்தினால் திருமங்கையாழ்வார். கைகூப்பி, சடை உயர்த்தி நிற்பவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சண்டிகேசுவரர். உறுதிப்படுத்த ஓர் இடத்தைப் பாருங்கள். கூப்பிய கைகளின் மடிப்பில், முழங்கைக்கு உட்புறமாக, மழுவின் கைப்பிடி சாய்ந்திருக்க வேண்டும். உங்கள் படத்தில் மழு தெரியவில்லை. ஆனால் மழு மெல்லியது, உடைவது சகஜம். உடைந்திருந்தால் கையின் மடிப்பிலோ தோளிலோ ஒரு சிறிய மேடு, முறிந்த தழும்பு இருக்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள், நிழலில் தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள வேளாங்கண்ணி சண்டிகேசுவரரின் படத்தைத் தேடிப் பாருங்கள். சோழர் கால வார்ப்புகளில் மிக அழகானவற்றுள் ஒன்று.

சண்டிகேசுவரர் என்றால் தேடல் எளிதாகாது, கடினமாகும். பிள்ளையார், முருகன், சோமாஸ்கந்தர், அம்மன், சண்டிகேசுவரர் என்று பஞ்சமூர்த்திகள் புறப்படும் எந்தச் சிவாலயத்திலும் இவருக்கு உற்சவத் திருமேனி உண்டு. காவிரிக் கரையில் மட்டும் எத்தனை சிவாலயங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் இதிலேயே ஒரு பிடியும் இருக்கிறது. ஐந்தும் ஒரே சமயத்தில் வார்க்கப்பட்டிருந்தால் பீடத்தின் அமைப்பு, தாமரை இதழின் வெட்டு, வளையத்தின் வடிவம் எல்லாம் ஒரே கைவேலையாக இருக்கும். ஆகவே இவரை மட்டும் தேடாதீர்கள். இவரோடு பிறந்த மற்ற நால்வரையும் தேடுங்கள். அவர்களில் ஒருவர் இன்னும் கோயிலிலேயோ, அறநிலையத் துறையின் பாதுகாப்பு மையத்திலேயோ இருக்கக்கூடும்.

சண்டிகேசுவரரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவன் கோயிலில் அவர் சன்னிதி வடபுறம், கருவறையின் நீர் வெளியேறும் கோமுகிக்கு அருகில் இருக்கும். வலம்வருபவர்கள் அங்கே நின்று இரு கைகளையும் துடைத்து விரித்துக் காட்டுவார்கள். ‘உன் ஆண்டவனின் சொத்து எதையும் நான் எடுத்துப் போகவில்லை’ என்று கணக்குக் காட்டுவதாக அதற்கு அர்த்தம். இது வெறும் பாட்டி வழக்கமும் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலங்களை விற்பதும் வாங்குவதும் ஆதிசண்டேசுவரர் பெயரில்தான் நடந்திருக்கின்றன. சிவன் சொத்தின் காப்பாளர் அவர். எங்கள் ஊர்க் கோயிலில் அவருடைய உற்சவர் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே காணாமல் போய்விட்டார் என்று என் தாத்தா சொல்வார். திருவிழாவில் நான்கு சப்பரங்கள் போகும், ஐந்தாவது இடம் வெறுமையாக இருக்கும். இருபது ஆண்டுகளாக ஏலப் பட்டியல்களையும் பழைய கோயில் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் அந்த ஐந்தாவது சப்பரம்தான் காரணம்.

இனி உடலைப் படிக்க வேண்டும். முதலில் நிறம். முந்நூறு நானூறு ஆண்டுகள் தொடர்ந்து எண்ணெய்க்காப்பும் பால், தயிர், சந்தன அபிஷேகமும் கண்ட திருமேனி, கரும்பழுப்பாக, வழவழவென்று இருக்கும். மூக்கு நுனி, மார்பு, முழங்கால் போன்ற மேடான இடங்கள் தேய்ந்து, கண்ணும் வாயும் மழுங்கியிருக்கும். பின்னாளில் சில கோயில்களில் தேய்ந்த கண்களைத் திரும்பவும் உளியால் கீறித் திறந்திருப்பார்கள். மண்ணுக்குள் கிடந்த திருமேனி வேறுவிதம். பச்சை படிந்து, அங்கங்கே மண் கெட்டித்துப்போய், ஆனால் கூர்மை குறையாமல் இருக்கும். படையெடுப்புக் காலங்களில், குறிப்பாக 1311-இல் மாலிக் காபூர் வந்தபோதும் அதன் பிறகும், ஏராளமான திருமேனிகளை நிலவறையிலும் கோயில் வளாகத்திலும் புதைத்துவிட்டு, புதைத்தவர்களும் போய்விட்டார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது இன்றும் அவை கிடைக்கின்றன. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது முதல் வகை போலத் தெரிகிறது. கடைசிவரை வழிபாட்டில் இருந்தவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள், படம் எடுத்தவர்களும் இருந்திருக்கலாம். நமக்கு அது நல்லது.

இரண்டாவதாகப் பீடம். முன்புறத்தைவிடப் பின்புற விளிம்பும் அடிப்பகுதியும் முக்கியம். பல கோயில்களில் பீடத்தில் ஊர்ப் பெயரையோ, கொடுத்தவர் பெயரையோ, எடையையோ வெட்டி வைத்திருப்பார்கள். எழுத்து தேய்ந்திருந்தாலும் சாய்ந்த ஒளியில் படம் எடுத்தால் கோடுகள் தெரியும். மாவோ பவுடரோ தடவிப் பார்க்க வேண்டாம். எழுத்து எதுவும் இல்லையென்றால் விரல் நுனியால் விளிம்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடத் தட்டையாக, வேறு நிறத்தில், நுண்ணிய இணைகோடுகளோடு இருந்தால் அது அரம் போட்ட இடம். எழுத்தை ராவி எடுத்தவர்கள் ஒரு காரணத்தோடுதான் எடுத்திருப்பார்கள். அப்படி ஒரு தடம் தென்பட்டால், அன்றே ஏலக்கூடத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

மூன்றாவதாக முதுகு. சோழர் கால ஸ்தபதிகள் பின்புறத்தையும் முன்புறத்துக்குச் சமமான அக்கறையோடு முடித்தார்கள். தலைக்குப் பின் உள்ள சிரச்சக்கரம், தோளில் விழும் சடைக்கற்றை, முதுகெலும்பின் மென்மையான பள்ளம், ஆடையின் முடிச்சு எல்லாம் மெழுகிலேயே செதுக்கி வார்க்கப்பட்டவை. விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வரும்போது மூக்கு கூராகும், முழங்கால் சில்லு தனியே துருத்தும், உடல் விறைப்பாகும், அணிகலன் பெருகும். இவை பொதுவான போக்குகள் மட்டுமே. ஒரே நூற்றாண்டில் நல்ல கையும் இருந்தது, சுமாரான கையும் இருந்தது. உங்கள் படத்தில் முழங்காலையும் மூக்கையும் பார்த்தால் பட்டியலில் சொன்ன 17-ஆம் நூற்றாண்டு பெரிய தவறாக இருக்காது என்றுதான் தோன்றுகிறது. சோழர் என்று நீங்கள் ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் நாயக்கர் காலத்து உற்சவரை இழந்த ஊருக்கு அந்த இழப்பு எந்த வகையிலும் குறைவில்லை.

இது புதிதாகச் செய்து பழையதுபோல் ஆக்கப்பட்டதா என்ற சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சுவாமிமலையில் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண் பூசி, அதே முறையில் வார்க்கிறார்கள். ஸ்தபதிகள் அதைப் புதியது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இடையில் வாங்குபவர்களில் சிலர் அமிலம் தடவி, மண்ணில் புதைத்து, ‘பழசு’ ஆக்குகிறார்கள். அந்தப் பச்சை நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். தேய்மானமும் தவறான இடத்தில் இருக்கும். அர்ச்சகர் கை படாத இடுக்கு தேய்ந்தும், அபிஷேகம் விழும் தோள் தேயாமலும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆய்வுக்கூடச் சோதனையைப் பற்றி யாராவது உங்களிடம் பேசியிருப்பார்கள். வெப்ப ஒளிர்வு முறையில் காலம் சொல்கிறோம் என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அந்த முறை சுட்ட மண்ணுக்குத்தான் பயன்படும். உள்ளே மண் கரு வைத்து வார்த்த உருவங்களுக்கு அது சரி. நம் தென்னாட்டு உற்சவத் திருமேனிகள் பெரும்பாலும் கனமாக வார்த்தவை, உள்ளே மண் கிடையாது. எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் உலோகக் கலவையைப் பார்ப்பது பயனுள்ளது, பொருளுக்குச் சேதமும் இல்லை. பழைய திருமேனிகள் பெரும்பகுதி செம்பு, சிறிதளவு வெள்ளீயம், காரீயம் என்ற கலவையில் இருக்கும். துத்தநாகம் ஏராளமாக இருந்தால் பிற்காலத்தது என்று யோசிக்க வேண்டும். காரீயத்தின் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு தென்னிந்திய வெண்கலங்களைக் காலவாரியாக வகைப்படுத்தும் வேலையை உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் விரிவாகச் செய்திருக்கிறார். ஆனால் எந்தச் சோதனையும் ஊர்ப் பெயரைச் சொல்லாது.

ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடியவை காகிதமும் புகைப்படமும். காகிதத்தில் தொடங்குவோம். ஏலக்கூடத்துக்கு முறையாகக் கடிதம் எழுதுங்கள். விற்றவரின் பெயரைத் தர மாட்டார்கள். ஆனால் உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பி வைக்கும்படி கேட்கலாம். எப்போது, எங்கே, யாரிடமிருந்து வாங்கினார், ரசீது உண்டா, இந்தியாவை விட்டு வெளியே வந்ததற்கான ஏற்றுமதி அனுமதி உண்டா என்ற நான்கையும் தனித்தனியே கேளுங்கள். அடியில் உள்ள நீலப் பென்சில் எண் முன்பு வேறொரு ஏலத்தில் இது வந்தபோது போட்ட எண்ணாக இருக்கலாம். ஒட்டுச்சீட்டைப் பிய்க்காமல், எழுத்துரு தெரியும்படி நெருங்கிய படம் எடுத்து வையுங்கள். எந்த வணிகருடைய சீட்டு என்று அடையாளம் கண்டால், அவருடைய பழைய விற்பனைப் பட்டியல்களில் தேடலாம்.

‘1972-க்கு முன்பே வெளியே வந்தது, அதனால் பிரச்சினை இல்லை’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பலரும் இந்த ஆண்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1947-ஆம் ஆண்டின் சட்டப்படியே, தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி தேவைப்பட்டது. மேலும், கோயிலில் இருந்து திருடியது எந்த ஆண்டில் திருடியதாக இருந்தாலும் திருட்டுத்தான்.

காகிதத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நடராசரை வாங்கியது. விற்றவர் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூர். இந்தியாவில் பணியாற்றிய ஒரு வெளிநாட்டு அதிகாரியின் குடும்பத்திடமிருந்து வந்தது, 1970 வாக்கிலேயே வாங்கியது என்று அழகாக ஆவணங்கள் கொடுத்திருந்தார்கள். அதே நடராசர் 1994-இல் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் நிற்கும் புகைப்படம் புதுச்சேரியில் இருந்தது. ஒரே ஒரு படம் அத்தனை ஆவணங்களையும் பொய் என்று காட்டியது. 2014-இல் நடராசர் இந்தியா திரும்பினார்.

அந்தப் புதுச்சேரிப் படங்களைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களுக்கு ஆள் அனுப்பிப் படம் எடுக்கத் தொடங்கியது. சிறிய, புகழ் இல்லாத ஊர்க் கோயில்களுக்கும் போனார்கள். கட்டடம், கற்சிலை, உற்சவத் திருமேனி என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. கலை வரலாற்றுக்காக எடுத்த படங்கள் அவை. பிற்காலத்தில் திருட்டைக் கண்டுபிடிக்கும் பெரிய ஆதாரமாக மாறும் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். அரியலூர் மாவட்டம் பொட்டவெளி வெள்ளூரில் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. 2012 ஏப்ரலில் அங்கிருந்து ஆஞ்சநேயர் திருமேனி திருட்டுப் போனது. 2014-இல் அது கிறிஸ்டீஸ் ஏலத்தில் 37,500 டாலருக்குப் போனது. வாங்கியவர் ஆஸ்திரேலியாவில் இருந்த தனிநபர். திருட்டுப் பொருள் என்று விற்ற ஏல நிறுவனத்துக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பிரெஞ்சு நிறுவனம் 1961-இல் எடுத்த படம்தான் அடையாளத்தை உறுதிசெய்தது. 2023-இல் ஆஞ்சநேயர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். நல்ல பெயர் உள்ள ஏலத்தில் வாங்கினேன் என்பது நீங்கள் நேர்மையானவர் என்பதற்கு ஆதாரம். பொருள் நேர்வழியில் வந்ததற்கு அது ஆதாரமாகாது.

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வாரின் கதையும் இதுதான். 1967-இல் லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கினார்கள். பெல்மாண்ட் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து வந்தது என்று பட்டியலில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-இல், ஓர் ஆய்வாளர் பிரெஞ்சு நிறுவனத்தின் 1957-ஆம் ஆண்டுப் படத்தைச் சுட்டிக்காட்டினார். அதில் அதே திருமங்கையாழ்வார் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிற்கிறார். அருங்காட்சியகம் தானே முன்வந்து இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. கோயிலுக்குப் போய்ப் பார்த்தபோது அங்கேயும் ஒரு திருமங்கையாழ்வார் இருந்தார். அது போலி. அதே கோயிலின் வேறு மூன்று திருமேனிகளும் இப்படியே மாற்றப்பட்டு அமெரிக்காவுக்குப் போயிருக்கின்றன என்று சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு பின்னர் கண்டறிந்தது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளை நீங்கள் ஒரு கோயிலுக்கு எழுதி, ‘எங்கள் சண்டிகேசுவரர் எங்களிடமே இருக்கிறார்’ என்று பதில் வந்தால் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். சிவபுரம் நடராசருக்கும் இதுதான் நடந்தது. 1950-களில் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் செய்து, நகலைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசலை விற்றுவிட்டார்கள். ஊரார் பல ஆண்டுகள் நகலையே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது நகல் என்று 1960-களில் கண்டு சொன்னவர் டக்ளஸ் பாரெட் என்ற பிரிட்டிஷ் அறிஞர். அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்பவரிடம் போய், வழக்கு சமரசமாகி, 1986-இல்தான் திரும்பியது.

படத்தோடு ஒப்பிடும் முறை ஒன்று உண்டு. முகம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கூடாது. ஒரே பட்டறையில் வார்த்தவர்கள் எல்லாம் சகோதரர்கள்போல் இருப்பார்கள். மெழுகு வார்ப்பில் ஒரு அச்சில் ஒரு திருமேனிதான், வார்த்ததும் மண் அச்சை உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய குறைகள் இருக்கும். தாமரை இதழ் ஒன்றில் உலோகம் ஓடாமல் விட்ட குழி, வளையத்தின் ஒரு பக்கக் கனம், பீடத்து மூலையில் கீழே விழுந்து நசுங்கிய இடம், உடைந்த விரல், பூணூலின் வளைவில் ஒரு பிசிறு. இப்படி நான்கைந்து குறைகள் பழைய படத்திலும் உங்கள் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பேச முடியும். பழைய படத்தில் உள்ள குறை புதிய படத்தில் இல்லையென்றால் வேறு திருமேனிதான். பழைய படத்தில் இல்லாத குறை புதியதில் இருந்தால் இடையில் ஏற்பட்டிருக்கலாம். இந்த வேறுபாட்டை மறந்து, ஆசையில் பொருத்திவிட்டு, ஓர் ஊரார் மனத்தில் நம்பிக்கையை ஏற்படுத்தி ஏமாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே அப்படி அவசரப்பட்டேன். பீடத்தின் இதழ்களை எண்ணியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

படம் கிடைக்கவில்லையென்றால் கல்வெட்டு, பதிவேடு, மண். நம் முன்னோர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் போய்ப் பார்க்க வேண்டும். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றுக்கும், பாதத்திலிருந்து கேசம்வரை எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள், பீடம் எவ்வளவு, பிரபை எவ்வளவு, கனமாக வார்த்ததா என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அருங்காட்சியகப் பதிவேடு அது. திருவெண்காட்டில் மண்ணிலிருந்து கிடைத்து இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகன தேவரை 1011-ஆம் ஆண்டு என்று துல்லியமாகச் சொல்ல முடிவது, அந்தக் கோயில் கல்வெட்டு இருப்பதால்தான். உங்களுடையது பிற்காலத்தது என்பதால் இத்தகைய கல்வெட்டு கிடைப்பது அரிது. ஆனால் அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேடுகளில் ‘சண்டிகேசுவரர், செம்பு, உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு’ என்று இருக்கும். அதனால் எடையையும், பீடத்தோடும் பீடம் இல்லாமலும் உயரத்தையும் அளந்து வையுங்கள். பழைய பதிவேடுகளில் அடி, அங்குலம், சேர் என்று இருக்கும், மாற்றிப் பார்க்க வேண்டும்.

மண்ணும் சாட்சி சொல்லும். 1976-இல் பத்தூரில் ஒரு தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராசர், கைமாறிக் கைமாறி, 1982-இல் கனடா நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டு, லண்டனில் காவல் துறையிடம் சிக்கினார். வழக்கில், அவர்மேல் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரிலேயே கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். பாழடைந்த ஒரு கோயில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வாதியாக நிற்க முடியும் என்று தீர்ப்பாகி, 1991-இல் நடராசர் தமிழகம் வந்தார். துடைக்காதீர்கள் என்று நான் முதலிலேயே கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொருத்தம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். மயிலாடுதுறைக்கு அருகே ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து 1978 நவம்பரில் ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகள் திருட்டுப் போயின. இங்கிலாந்தில் ஒருவரிடம் இருப்பது தெரியவந்தது. 1958-ஆம் ஆண்டுப் புகைப்படங்களைக் காட்டியதும் அவர் தாமாகவே ஒப்படைத்தார். 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் சேர்ந்து, ஊர் திரும்பின. அவர்மேல் யாரும் பழி போடவில்லை. நீங்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. பணத்தைத் திரும்பப் பெறுவது உங்களுக்கும் ஏலக்கூடத்துக்கும் இடையிலான விஷயம், அதற்குக் கால வரம்பு உண்டு. அதற்குள் மறுபடியும் விற்காதீர்கள், வேறு நாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நேர்வழியில் வந்த ஆவணம் உண்மையிலேயே இருந்து, எந்த ஊரோடும் பொருந்தாமல் போனால், அதையும் எழுதிப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையில் ஒரு படம் வெளிவரலாம்.

இப்போதைக்கு எனக்கு எட்டுப் படங்கள் வேண்டும். நான்கு பக்கமும், பக்கத்தில் அளவுகோல் வைத்து. அடிப்பகுதி. முழங்கை மடிப்பு. சிரச்சக்கரம். கடைசியாக, வளையங்களின் உட்புறம், மிக நெருக்கமாக. மேல்பக்கத்து உள்வளைவு ஒரு பக்கமாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறதா என்று நீங்களே விரலை விட்டுப் பாருங்கள். தோளில் சுமந்து வீதி சுற்றும்போது கம்பு உராய்வது அந்த இடத்தில்தான்.